கிலோமீட்டரை விடுங்கள், என்ன லோடு அடித்தது என்று கேளுங்கள்

கடலூர், பாண்டிப் பக்கம் பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" அடுத்தது "எத்தனாவது ஓனர்?" இந்த இரண்டுக்கும் புரோக்கரிடம் பதில் தயாராக இருக்கும். மீட்டரைக் குறைத்துத் தருகிற ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஓனர் கணக்கு ஆர்சி என்கிற பதிவுச் சான்றிதழிலேயே இருப்பதால் அதில் பொய் சொல்ல முடியாது, ஆனால் ஒரே ஓனர் வைத்திருந்தார் என்பதற்காக வண்டி நன்றாக இருந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. என்னைக் கேட்டால் முதல் கேள்வி இதுதான்: இத்தனை வருஷமும் இந்த வண்டி என்ன லோடு அடித்தது?

எங்களுக்குப் பந்தல், பாத்திர வாடகைத் தொழில். முகூர்த்த நாளில் வண்டி மக்கர் செய்தால் ஒரு கல்யாண வீட்டின் சாப்பாடே தள்ளிப்போகும், அதனால் வண்டியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே யோசிக்கப் பழகிவிட்டது. சொந்தத்தில் யார் வண்டி வாங்கினாலும் என்னையும் எங்கள் மெக்கானிக் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது. இப்போது பாண்டிக் கணக்கில் வரும் பாகூரில் இருக்கும் மச்சானுக்காகத் தேடிக்கொண்டிருக்கிறோம். அவனிடம் சொன்னதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் அடுத்து கேட்கிற ஆளுக்கு லிங்க் அனுப்பிவிடலாம், அதற்குத்தான் இந்தப் பதிவு.

நம்ம கரையில் பழைய வண்டிக்கு முதல் எதிரி மீன் லோடு. மீன் ஏற்றுகிறவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் பிழைப்பு அது. ஆனால் கடலூர் துறைமுகத்திலும் தேவனாம்பட்டினத்திலும் பாண்டி தேங்காய்த்திட்டிலும் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பும் வண்டிகளுக்குப் பின்னால் பைக்கில் போனவர்களுக்குத் தெரியும், வழி முழுக்க ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும். அது வெறும் ஐஸ் தண்ணீர் இல்லை, உப்புத் தண்ணீர். பாடியின் தகடு சேரும் இடங்கள் வழியாக இறங்கி நேராகச் சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின் மேல் விழுகிறது, குறுக்குச் சட்டத்தின் மடிப்புகளில் தேங்குகிறது, ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவே போய் உட்காருகிறது. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு அங்கேயே இருக்கும். உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் வண்டி ஓடாமல் நின்றாலும் துருப்பிடிப்பது நிற்காது. ஏற்கெனவே கடல் காற்று அடிக்கிற ஊர், இதில் வண்டியே உப்பைச் சுமந்துகொண்டு நின்றால் என்ன ஆகும் என்று நீங்களே பாருங்கள்.

கஷ்டம் என்னவென்றால் இந்தத் துரு வெளியில் தெரியாது. சட்டத்தின் உள்பக்கத்தில் ஆரம்பித்து வெளியே வரும்போது பாதி தகடு போயிருக்கும். விற்கிறவர் கறுப்பு பெயின்டை ஒரு கோட்டு அடித்துவிட்டால் குனிந்து பார்க்கிற நமக்குப் புத்தம் புதுசாக மின்னும். நான் சொல்வேன், பத்து வருஷ வண்டியின் சேஸிஸ் புதுசு மாதிரி மின்னினால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். லேசான மேல்துரு, மண், ஆயில் அழுக்கு எல்லாம் அப்படியே இருக்கிற வண்டியை நான் கூடுதலாக நம்புவேன், ஏனென்றால் அதில் எதையும் மறைக்கவில்லை. ஒரு பழைய திருப்புளியும் சின்னச் சுத்தியலும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். கேபினுக்குப் பின்னால் இருக்கும் குறுக்குச் சட்டம், பின்பக்க ஸ்பிரிங் மாட்டியிருக்கும் பிராக்கெட், பாடி போல்ட் இறங்குகிற இடங்கள், இவற்றைத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீர் என்று சொல்லும், தின்றுபோன இரும்பு மொத் என்று கேட்கும். திருப்புளியால் அழுத்தினால் சில வண்டிகளில் அப்பளம் மாதிரி நொறுங்கி உள்ளே போகும். விற்கிறவர் "என்ன சார், குத்தி ஓட்டை போடுறீங்க" என்று கோபப்பட்டால், ஓட்டை விழுகிற இரும்பு என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

பிரேக் பைப்பை மறக்காதீர்கள். பின் சக்கரத்துக்குப் போகும் சின்ன இரும்புக் குழாய் சேஸிஸை ஒட்டியே போகும், உப்பு முதலில் அதைத்தான் தின்னும். அதேபோல எர்த் கனெக்‌ஷன். மீன் வண்டியில் ஹெட்லைட் மங்கலாக எரிவதும் செல்ஃப் ஸ்டார்ட் சில நேரம் எடுப்பதும் சில நேரம் எடுக்காததும் பல தடவை பேட்டரி கோளாறே இல்லை, எர்த் துருப்பிடித்ததுதான் காரணம்.

இன்னொரு விஷயம், நேரம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நேரத்தில் மீன் வண்டிகள் சும்மா நிற்கும், டிங்கரிங், பெயின்ட் வேலை பார்ப்பதும் அப்போதுதான், விற்கிற எண்ணம் இருந்தால் விற்பதும் அப்போதுதான். மே மாதம் புதுப் பெயின்டோடு சந்தைக்கு வருகிற வண்டியை வெயில் உச்சியில் இருக்கும்போது போய்ப் பாருங்கள். கேபின் கண்ணாடியை ஏற்றிக் கதவை மூடி, கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து மூக்கை உள்ளே விடுங்கள். ஒரு இடத்தில் புரோக்கர் "அண்ணே, சத்தியமா காய்கறி மட்டும்தான் ஓடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார், கதவைத் திறந்ததும் என் மச்சான் "நெத்திலிக்காயா அண்ணே?" என்று கேட்டுவிட்டான். பெயின்ட் அடிக்கலாம், சீட்டு கவர் மாற்றலாம், அந்த வாசனையை எடுக்க முடியாது.

அடுத்தது மணல், செங்கல், ஜல்லி, கம்பி. இதில் பிரச்சினை அளவுக்கு மேல் ஏற்றுவது. 750 கிலோவுக்குச் செய்த வண்டியில் ஒன்றரை டன் ஏற்றி, பின் டயர் மட்கார்டைத் தொடுகிற மாதிரி ஓட்டுவதை நாம் தினம் பார்க்கிறோம். அப்படி ஓடின வண்டி அதை மறைக்கவே முடியாது. கம்பெனி கொடுத்ததைவிட ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், கூடுதல் பட்டை பெரும்பாலும் நிறத்திலும் தடிமனிலும் தனியாகத் தெரியும். கேபினுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள இடைவெளி மேலேயும் கீழேயும் ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே ஒடுங்கிக் கீழே விரிந்திருந்தால், அல்லது ஒரு பக்கம் மட்டும் மாறினால், சட்டம் வளைந்திருக்க வாய்ப்பு உண்டு. பின் ஹவுசிங்கில் (பின் அச்சின் கூடு), சேஸிஸில் எங்கேயாவது வெல்டிங் தடம் இருந்தால் நான் விலைகூடப் பேச மாட்டேன், அடுத்த வண்டியைப் பார்க்கக் கிளம்பிவிடுவேன். எஞ்சினைப் பிரித்துச் செய்துகொள்ளலாம், கியர் பாக்ஸை மாற்றலாம், முதுகெலும்பு போனதற்கு மெக்கானிக்கிடம் மருந்து கிடையாது. சிப்காட் பக்கம் கெமிக்கல் கேன் ஏற்றிய வண்டியென்றால் பாடித் தகட்டை மீன் வண்டியைப் பார்ப்பதைப் போலவே பாருங்கள்.

நல்ல லோடு என்று ஏதாவது இருக்கிறதா என்றால் இருக்கிறது. பண்ருட்டிப் பக்கம் முந்திரி, பலா ஏற்றுகிற வண்டிகள் சீசனில்தான் கடுமையாக ஓடும், உப்பும் கிடையாது. ரொட்டி, மருந்து, துணி மாதிரி எடை குறைந்த சரக்கு ஏற்றிய வண்டியின் சட்டம் நன்றாக இருக்கும், ஆனால் தெருத்தெருவாக நின்று நின்று போயிருப்பதால் கிளட்ச் பிளேட்டும் பிரேக்கும் தேய்ந்திருக்கும். தண்ணீர் கேன் வண்டியும் அப்படித்தான், எடையும் உண்டு, நிறுத்தமும் உண்டு. கிளட்ச், பிரேக் எல்லாம் மாற்றிவிடக்கூடிய செலவு, விலையில் கழித்துக்கொள்ளலாம். அப்புறம் ஓட்டியது யார் என்றும் கேளுங்கள். சொந்தக்காரரே ஓட்டிய வண்டிக்கும் மாதத்துக்கு ஒரு டிரைவர் மாறிய வண்டிக்கும் ஸ்டீயரிங்கைத் தொட்டாலே வித்தியாசம் தெரியும்.

எந்த வண்டி வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில் கிடையாது, உங்கள் லோடுதான் பதில். ஊருக்குள் சந்து பொந்தில் நுழைய வேண்டும், எடை முக்கால் டன்னுக்குள் என்றால் குட்டி யானை போதும். 2005இல் வந்த டாடா ஏஸ்தான் அது, 702 சிசி இரண்டு சிலிண்டர் டீசல், இண்டிகா கார் எஞ்சினில் பாதி என்று சொல்வார்கள், கணக்கும் அப்படித்தான் வரும். பழைய ஏஸில் பெரிய எலக்ட்ரானிக் விவகாரம் எதுவும் இல்லை, எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார். ஆனால் நெடுஞ்சாலையில் தினமும் சென்னை போய் வர வேண்டும் என்பவர்கள் அதை வாங்கிவிட்டு எஞ்சினைத் திட்டக் கூடாது. ஒரு டன்னுக்கு மேல் என்றால் அசோக் லேலண்ட் தோஸ்த், மகிந்திரா பொலேரோ பிக்கப். தோஸ்த் 2011இல் வந்தது, மூன்று சிலிண்டர், ஒன்றே கால் டன். பொலேரோ இரண்டரை லிட்டர் எஞ்சின், 1.3 டன்னிலிருந்து 1.7 டன் வரை ரகங்கள் உண்டு, உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியதில்லை என்பதுதான் அதன் பெரிய பலம், விலை இறங்காமல் நிற்பதற்கும் அதுதான் காரணம். எடை குறைவு, ஓட்டமும் குறைவு என்றால் மாருதி சூப்பர் கேரி பெட்ரோலையும் பாருங்கள், எல்லோரும் டீசல் டீசல் என்று ஓடுவதால் அதைக் கவனிப்பதில்லை. எங்கள் தொழிலுக்கு எடையைவிட இடம்தான் முக்கியம், அண்டாவும் நாற்காலியும் இடத்தை அடைக்கும், எடை இருக்காது, அதனால் எனக்குத் தோஸ்த் பிடிக்கும். இது என் சொந்த விருப்பம், பொலேரோக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

வருஷத்தைப் பார்க்கும்போது இரண்டு தேதிகளை நினைவில் வையுங்கள். வண்டிப் புகைக்கான அரசு விதியில் 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்4, 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6. புதுசாக இருந்தால் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு பிஎஸ்6 டீசல் வாங்குவதற்கு முன்னால் உங்கள் ஓட்டத்தை யோசியுங்கள். பெரும்பாலான பிஎஸ்6 டீசல் வண்டிகளில் சைலன்சர் வழியில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கும், புகையில் வரும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தக் கரியை எரித்துச் சுத்தம் செய்ய நல்ல சூடு வேண்டும், சூடு வர வண்டி ஒரே சீராகக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். மஞ்சக்குப்பத்திலிருந்து முதுநகர், முதுநகரிலிருந்து திருப்பாதிரிப்புலியூர் என்று நின்று நின்று போகிற வண்டிக்கு அந்தச் சூடு வராது. கரி அடைத்து, விளக்கு எரிந்து, பவர் குறைந்து கடைசியில் ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போக வேண்டும், செலவும் பெரிசு. ஆகவே பிஎஸ்6 பார்க்கும்போது சாவியைத் திருப்பியதும் எல்லா எச்சரிக்கை விளக்கும் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைகிறதா என்று பாருங்கள். ஒரு விளக்கு முதலிலேயே எரியவில்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கிறார்களோ என்று கேட்க வேண்டும். ஸ்கேனர் போட்டுப் பார்க்க ஆகும் சில நூறு ரூபாயில் கஞ்சத்தனம் வேண்டாம்.

வெள்ளம் பார்த்த வண்டி என்று ஒரு ரகம் இருக்கிறது. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது, ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் எல்லாம் தண்ணீரில் நின்றது, அடுத்த நாட்களில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பொங்கி கடலூர் சுற்றுவட்டமும் மூழ்கியது. அப்போது நின்ற இடத்திலேயே மூழ்கிய வண்டிகளில் சில இப்போதும் கைமாறிக்கொண்டுதான் இருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், வழக்கமாகச் சுருண்டே இருக்கும் அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக் கறை இருந்தால் கதை தெரிந்துவிடும். ஃபியூஸ் பாக்ஸ் கால்களில் பச்சைக் களிம்பு, டேஷ்போர்டுக்கு அடியில் கை எட்டாத மூலையில் காய்ந்த வண்டல், சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பியில் துரு, இவையும் அடையாளம். பழைய மெக்கானிக்கல் எஞ்சின் வண்டி தண்ணீரைத் தாங்கிக்கொள்ளும், வயரிங்கும் சென்சாரும் நிறைந்த வண்டி ஒரு வருஷம் கழித்துக்கூடப் பழி வாங்கும்.

எஞ்சினைப் பார்க்க ஒரே நேரம் காலைதான். "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள், போனதும் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் எதையோ மறைக்க ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஆறின எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள், தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் எஞ்சின் ஹெட்டைக் கழற்றும் வேலை காத்திருக்கிறது. ஸ்டார்ட் ஆனவுடன் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றுவிட்டால் கவலை இல்லை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆக்சிலேட்டர் கொடுக்கும்போதெல்லாம் கறும்புகை கக்கினால் ஏர் ஃபில்டர் அடைப்பில் தொடங்கி இன்ஜெக்டர், டர்போ வரைக்கும் எதுவாகவும் இருக்கலாம். பிறகு எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றுங்கள், உள்ளிருந்து குபுகுபுவென்று புகை தள்ளினால் பேக் கம்ப்ரஷன், பிஸ்டன், ரிங் தேய்ந்துபோயிற்று என்று அர்த்தம். எங்கள் மெக்கானிக் அண்ணன் இதைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறந்து பேசவே ஆரம்பிப்பார்.

காலி வண்டியை ஓட்டிப் பார்ப்பதில் பாதிதான் தெரியும். நம்ம ஊர் தட்டையான ஊர், எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும். முடிந்தால் கொஞ்சம் லோடு ஏற்றிக்கொண்டு கேப்பர் மலைப் பக்கம் ஏற்றிப் பாருங்கள். ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறவில்லை என்றால் கிளட்ச் போயிற்று. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு வரும்போது கியர் தானாக நியூட்ரலுக்கு எகிறினால் கியர் பாக்ஸ் வேலை, பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வந்தால் பின் அச்சில் இருக்கும் கிரவுன் பல்சக்கர வேலை. டயரில் பட்டன் தேய்ந்திருப்பதை மட்டும் பார்க்காமல் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள், 2319 என்றிருந்தால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்த டயர். பட்டன் நிறைய இருந்தும் வருஷம் பழசாக இருந்தால் அது ரீட்ரெட்டாகவோ (பழைய டயரில் புது ரப்பர் ஒட்டியது) சும்மா கிடந்த டயராகவோ இருக்கும்.

காகித விஷயத்துக்கு வருவோம், நம்ம பகுதியில் இதுதான் தனிச் சிக்கல். கடலூர், பாண்டி எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் வேறு மாநிலக் கணக்கு. கடலூர் பதிவான டிஎன் 31 வண்டியைப் பாகூர்க்காரர் வாங்கினாலும், பாண்டிப் பதிவான பிஒய் 01 வண்டியைக் கடலூர்க்காரர் வாங்கினாலும், பக்கத்துத் தெருவில் வாங்கினது மாதிரி பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவத்தில் கையெழுத்து வாங்கினால் மட்டும் போதாது. 28ஆம் படிவத்தில் என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று வாங்கி, வாங்குகிறவர் பக்கத்தில் வரி கட்டி, புது நம்பர் எடுக்க வேண்டும். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்து ஓட்டினால் மறுபதிவு கட்டாயம். "அப்படியே ஓட்டுங்க அண்ணே, யாரு கேக்கப்போறா" என்று சொல்கிற புரோக்கர், போலீஸ் கேட்கும்போது பக்கத்தில் நிற்க மாட்டார். என் மச்சானுக்கு நான் சொன்னது, விலை கொஞ்சம் கூடினாலும் பிஒய் வண்டியாகவே பார் என்றுதான். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை, இது இரண்டு பக்கமும் ஓடுகிறவர்களுக்கு நல்ல வசதி, ஆர்சியில் மொத்த எடை எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள், பொலேரோவில் ரகத்துக்கு ரகம் மாறும்.

அரசின் பரிவாகன் தளத்தில் நம்பரைப் போட்டால் எஃப்சி (தகுதிச் சான்று) எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை, ஃபைனான்ஸ் பாக்கி இருக்கிறதா என்பது தெரியும், அபராதப் பாக்கியை இ-சலான் பக்கத்தில் பார்க்கலாம். ஃபைனான்ஸ் இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனி என்ஓசியும் கடன் முடிந்ததைக் காட்டும் 35ஆம் படிவமும் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். மஞ்சள் போர்டு வண்டிக்கு எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எஃப்சி, அதற்கு மேல் வருஷா வருஷம், ஆகவே எஃப்சி முடிய ஒரு மாதம் இருக்கும் வண்டியை "எஃப்சி கரண்ட்" என்று சொல்லி விற்றால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான். துருப்பிடித்த சேஸிஸில் இன்னொரு தலைவலி, சேஸிஸ் நம்பரே அரித்துப்போயிருக்கும். எஃப்சி, பெயர் மாற்றம் இரண்டிலும் அந்த நம்பர் தெளிவாகத் தெரிய வேண்டும், அதனால் நம்பர் பொறித்த இடத்தைத் துணியால் துடைத்து ஆர்சியோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். இன்சூரன்ஸையும் மறக்க வேண்டாம், குட்டி யானையாக இருந்தாலும் பெரிய பிக்கப்பாக இருந்தாலும் மொத்த எடை 7,500 கிலோ வரை சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரீமியம் ஒன்றுதான், வருஷத்துக்கு 16,000 ரூபாய் சுற்றுவட்டம், வரி தனி. இழப்பீடு கேட்காமல் இருந்ததற்குப் பழைய ஓனருக்குக் கிடைத்த நோ கிளெய்ம் தள்ளுபடி உங்களுக்கு வராது, அவரோடு போய்விடும். பெயர் மாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும்.

விலை பேசும்போது ஒரு காகிதத்தில் செய்ய வேண்டிய வேலைகளை எழுதி, மெக்கானிக் சொன்ன தொகையைப் பக்கத்தில் போட்டு, அதை அப்படியே விற்பவரிடம் காட்டுங்கள். குரலை உயர்த்திப் பேசுவதைவிட அந்தக் காகிதம் நன்றாக வேலை செய்யும். டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தால் என்ஓசி, ஃபைனான்ஸ் காகிதம் எந்தத் தேதிக்குள் வர வேண்டும், வராவிட்டால் பணம் திரும்ப என்று எழுதி வாங்குங்கள். வண்டி கைமாறும் நாளில் டெலிவரி நோட்டில் தேதியை மட்டும் போடுவார்கள், மணியையும் போடச் சொல்லுங்கள். காலையில் அவர் ஓட்டும்போது கேமராவில் விழுந்த அபராதம் சாயங்காலம் உங்கள் கணக்கில் வந்து நின்றால், காட்டுவதற்கு அந்த மணிதான் இருக்கும்.